கொப்பில் கிளி வேண்டாம்

என் பிரியமான ரஹ்மத் மைனிக்கு,

இப்போது மணி மூன்றேகால். நாலு மணிக்கு நம்மிடம் துணி வாங்குகிற பெங்களூர்க் கடை மேடம் போன் செய்வார். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ கடைசியாக வரைந்த அந்த வேப்பங்கொப்பில் நான் ஒரு கிளியை உட்கார வைத்துவிட்டேன்.

ஊர் படிக்கும்படி இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம்மிடம் மேசை விரிப்பும் தலையணை உறையும் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் துணியின் ஓரத்தில் உன் பேர் இருக்கிறது. அந்தப் பேரில் நான் கை வைத்தது அவர்களுக்கும் தெரியட்டும். கடையநல்லூரில் நீ வரைந்தாய். சங்கரன்கோவிலில் நான் தறிக்குக் கொடுத்து, அச்சுப் போட்டு நம்ம கடையில் விற்றேன். ஒரு சொந்தமும் இல்லாமல் பதினோரு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் மைனி என்று கூப்பிட்டுக்கொண்டோம்.

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. வெளியே ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க, பெங்களூர்க் கடையின் குளிர்காலத்துக்குத் துணி தேர்ந்தெடுக்கிறேன். இந்தக் கூத்தை நினைத்து வருஷா வருஷம் நீ சிரிப்பாய். "இலையுதிர்காலத்துக்கு வரையச் சொல்லுதாங்க மைனி, நம்ம ஊர் வேம்பு மாசியிலல்லா உதிரும்" என்பாய். இந்த வருஷம் தனியாகச் சிரிக்க வரவில்லை.

நீ விட்டுப்போன படப் பெட்டியில் இருந்ததில் ஆறு படங்களை எடுத்தேன். பழைய வழக்கப்படி ஆறுக்கும் மாதிரித் துணி அடித்து, ஒரு வாரம் என் வீட்டில் புழங்கவிட்டேன். டீ கொட்டியது, ரசம் கொட்டியது, துவைத்தேன், ஒன்றும் சாயம் போகவில்லை. ஆறையும் பெங்களூருக்கு அனுப்பினேன். கொப்புப் படம்தான் மேடத்துக்கு ரொம்பப் பிடித்தது. பரிசுப் பெட்டிக்கு மேல் அதைத்தான் வைக்கப்போகிறாராம்.

"ஆனா கொப்பு காலியா இருக்கு கோமதி. பாக்கிறவங்களுக்கு ஏக்கமா இருக்கும். ஒரு கிளி போட்டுடுங்களேன்" என்றார்.

நான் உடனே சரி என்றேன். யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும் என்று நீ திட்டுவாயே, அதேதான்.

அந்தக் கொப்பு எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியாதா? போன ஐப்பசியில் நம்ம ஸ்டேஷனில் உன் ரயிலுக்காகக் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது. எதிரே வேப்பமரத்தில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. நீ நோட்டை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. நீ வரைந்தது அது விட்டுப்போன கொப்பை: கீழே வளைந்து, இன்னும் நிமிராமல், நுனியில் நாலு சொட்டுத் தண்ணீரோடு.

"கிளியையும் போட்டுரு மைனி, யாரு கேக்கப் போறா" என்றேன்.

"அதுதான் போயிட்டுல்லா. பெறவு எப்படிப் போட?" என்றாய்.

நீ உயிர்களை வரைய மாட்டாய். அதில் மார்க்கம் பாதி, பிடிவாதம் பாதி என்று நான் கேலி பண்ணுவேன். ஒரு எறும்பைக்கூட நீ வரைந்து நான் பார்த்ததில்லை. இத்தனையும் தெரிந்துதான் அச்சுப் போடுகிற இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கிளியை வரையச் சொன்னேன். அழகாகத்தான் வந்தது. அந்தத் துணியையும் ஒரு வாரம் மேசையில் விரித்தேன். கிளி இருந்த பக்கம் டம்ளரை வைக்கக் கை போகவில்லை.

உன் படங்கள் இப்போது உன் உம்மாவின் பொறுப்பு. அவர்கள் சம்மதம் இல்லாமல் மாதிரிக்கு மேல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை. நேற்றுக் காலை ரயிலில் கடையநல்லூர் போய், துணியை அவர்கள் முன்னால் விரித்தேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுருக்கத்தையெல்லாம் கையால் நீவிவிட்டுப் பார்த்தார்கள்.

"கிளி நல்லாருக்கு. யாரு போட்டா?"

"அச்சுப் போடுத இடத்துல, உம்மா."

உம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள்.

"அப்ப இதுல எம் மவ பேரை எடுத்துரு மக்கா."

"கொப்பு பூரா அவ வரைஞ்சதுதானே உம்மா."

"கொப்பு அவ வரைஞ்சது. கிளியை அவ வரையலல்லா. இருந்தப்ப அவ செய்யாததை, மௌத்தான பெறவு அவ செஞ்சான்னு நாம சொல்லலாமா?" என்றவர்கள் துணியை மடித்து என் மடியில் வைத்தார்கள். "எனக்கு உம்மேல ஒரு கோவமும் இல்ல. நீ தொழில் பண்ணுத, உனக்கு ஆயிரம் இருக்கும். பேரை மட்டும் எடுத்துரு. டீ ஆறுது, குடி."

திட்டியிருந்தால் திரும்ப ஏதாவது பேசியிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேரை எடுத்துவிட்டால் கிளி பிழைக்கும், மேடம் ஒத்துக்கொண்டால். ஆனால் துணியில் உன் பேர் இருந்தால்தான் அவர் வாங்குவார். கிளி முடியாது என்றால் ஆறையுமே வேண்டாம் என்று அவர் சொல்லிவிடக்கூடும். தறிக்கார அண்ணாச்சி துணியை முழுக்க ஓட்டி முடித்துவிட்டார். ஓரம் தைக்கிற மூன்று பெண்களும் இந்த ஆர்டரை நம்பி வேறு வேலைக்குப் போகாமல் இருக்கிறார்கள். நீ இருந்தால் என்ன சொல்வாய்? உனக்கென்ன, சிரித்துக்கொண்டே முடியாது என்பாய். அந்தப் பெண்கள் முகத்தில் நாளைக்கு முழிக்கப்போவது நான்.

மணி நாலடிக்க ஐந்து நிமிஷம். மீதியைப் பேசிவிட்டு எழுதுகிறேன்.

பேசிவிட்டேன், மைனி.

"கிளி ரெடியா கோமதி?"

"கிளி வேண்டாம் மேடம். வரைஞ்சவங்க போடல."

"அவங்கதான் இப்ப இல்லையே."

"அதனாலதான் மேடம்."

மேடம் சொன்னார்: காலியான கொப்பைப் பரிசாக யாரும் கொடுக்க மாட்டார்கள், அதை விட்டுவிடலாம், மற்ற ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அளவு பாதியாகக் குறையும். நான் சரி என்றேன். இந்தச் சரியை யோசித்துத்தான் சொன்னேன்.

அண்ணாச்சியிடம் உடனே போனில் சொல்லிவிட்டேன். "பாதித் துணியை நான் எங்க கொண்டு போட?" என்று சத்தம் போட்டார். அப்புறம், "சரி, நம்ம கடையிலயே வச்சு வித்துப் பாரு" என்று வைத்துவிட்டார். தைக்கிற பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலையில் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கிளி வேண்டும் என்று கேட்டது அந்த மேடம் மட்டும் இல்லை. எனக்கும் வேண்டியிருந்தது. உன் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அந்தக் கொப்பை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. யாராவது வந்து அதை நிரப்பினால் போதும் என்றிருந்தது. அதனால்தான் அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன்.

கிளி போட்ட துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். கிளி என்ன செய்யும், பாவம். காலிக் கொப்புள்ள உன் துணியை மேசையில் விரித்து, வளைந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் குடிக்கிறேன்.

உனக்கு என் வாக்கு இதுதான், மைனி. உன் பேர் உள்ள துணியில் நீ போடாத கோடு ஒன்றுகூட இனி ஏறாது. இந்தக் கொப்பு நம்ம கடை வாசலில் நான் இருக்கிறவரை தொங்கும். வாங்க வருகிறவர்கள் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டால், இருந்தது, போய்விட்டது என்று நானே சொல்லுவேன்.

வாய் முந்திய உன் மைனி,
கோமதி
சங்கரன்கோவில்