அந்த ஈய வில்லை

அன்பு மகளே,

உன் பெண்ணுக்கு இருமல் நின்றதா? இங்கே தீவில் உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டோம். மழைதான் விடவில்லை.

சனிக்கிழமை சபை மூப்பர்கள் கூடினோம். மறுநாள் திருவிருந்து, பந்தியில் உட்காரத் தகுதியானவர்களுக்கு ஈய வில்லை கொடுக்கும் கூட்டம். ஏழு வருடத்துக்கு முன் உனக்கு இல்லை என்று சொன்ன அதே மேசை. திருமணத்துக்கு முன்பே கருவுற்றவள் மனம் வருந்தினாளா என்று போதகர் அன்று என்னைத்தான் கேட்டார். முந்தின நாள்தான் அடுப்படியில் என் தோளில் சாய்ந்து நீ அழுதிருந்தாய். நான், "அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றேன். சொந்த மகளுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் பேசுமே என்ற பயம்.

இந்தச் சனிக்கிழமை எழுந்து அதைச் சொல்லிவிட்டேன். எனக்கு வில்லை வேண்டாம் என்றேன்.

மூப்பர் முர்டோ சிரித்தார். "என்னய்யா, பழசைப் போய் கிளறிக்கிட்டு! உன்னை எங்களுக்குத் தெரியாதா? ஆண்டவர் மன்னிச்சிட்டார். இந்தா, பிடி." போதகரும் தலையசைத்தார். தேநீர் ஆறுவதற்குள் எனக்கு இரக்கம் கிடைத்துவிட்டது. உன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பந்தியில் நான் உட்காரவில்லை. வில்லையை இதோடு வைத்திருக்கிறேன். எனக்குத் தரலாம் என்று உனக்கு என்றாவது தோன்றினால் திருப்பி அனுப்பு.

தோன்றாவிட்டால், உன் பெண் உருட்டி விளையாடட்டும்.

உன் அப்பா