எல்லாவற்றையும் தப்பாகச் சொன்ன மச்சானுக்கு

என் பிரியமுள்ள முனிராஜ் மச்சான்,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. நீ ஓட்டிய கம்பெனி பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான். ஆனால் உள்ளே சண்டை வந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். உன்னிடம் பழகிய எங்களுக்கு அது போதுமா, சொல்!

சானமாவு காட்டோரம் நீ பஸ்ஸை நிறுத்திய அந்தக் காலை நினைவிருக்கிறதா? திருநெல்வேலிப் பையனும் நம்ம ஊர்க்காரனும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸே ரெண்டு கட்சியாகிவிட்டது. நீ மெதுவாக எழுந்து வந்தாய்.

"என்னப்பா, இவன் உன் டிபன் பாக்ஸ மிதிச்சிட்டானாமே?"

"டிபன் பாக்ஸ் இல்லணா, ஹெல்மெட்டு!"

"ஓ, ஹெல்மெட்ட மிதிச்சிட்டானா?"

"மிதிக்கலண்ணே, சீட்ல இருந்து எடுத்துக் கீழ வச்சேன்."

"ஆமாணா, கீழதான் வெச்சான்" என்றான் நம்ம ஊர்க்காரனே.

"சரி, இது போன வாரந்தானே நடந்துச்சு?"

"இல்ல, இப்பதான்!" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பஸ்ஸே சிரித்தது. "யானை வர்ற எடம், உக்காருங்கப்பா" என்று நீ வண்டியை எடுத்துவிட்டாய்.

கை ஓங்கியவனிடம் புத்தி சொன்னால் அவனுக்கு இன்னும் ஏறும். நீ புத்தி சொன்னதே இல்லை. நடந்ததைத் தப்பாகச் சொல்வாய், அவ்வளவுதான். உன்னைத் திருத்துவதற்காகவே எதிராளிகள் ரெண்டு பேரும் ஒரு பக்கம் வந்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நீ ஒருவனைத் தள்ளிவிட்டுக்கூட நான் பார்த்ததில்லை. உன்னைப் போல ஒரு சாமர்த்தியசாலி எனக்கு மச்சானாக வாய்த்ததில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலேயே அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டது. பெங்களூரிலிருந்து வந்த உன் பெரியவன், உன்னோடு இருந்த சின்னவனைப் பார்த்துக் கத்தினான். "பக்கத்துலயே இருந்தும் அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவலியே! நீதான்டா கொன்ன!" சின்னவனின் கழுத்தைப் பிடித்துவிட்டான். உன் வீட்டுக்காரி இருந்த இடத்திலேயே அழுதாள். உன்னை இழந்தது போதாதென்று பிள்ளைகளையும் இழந்துவிடுவாளோ என்று பயந்து நான் குறுக்கே புகுந்தேன்.

"ஏன்டா, அன்னிக்கு உங்கப்பன் தூங்கிக்கினுதானே இருந்தான்? இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றேன், உன்னைப் போலவே தெரியாதவனாக.

"தூங்கல மாமா" என்றான் சின்னவன். "நெஞ்சத் தடவிக்கினே டிவி பாத்தாரு. வாப்பா போலாம்னு எத்தன தரம் கூப்பிட்டேன். வெறும் வாய்வுடான்னு தொரத்திட்டாரு."

"பெரியவனுக்காவது சொல்லியிருக்கலாமே. அவனுக்கு ஒண்ணும் தெரியாதே!"

இதை நான் நிஜமென்று நம்பித்தான் சொன்னேன் மச்சான். பெரியவனின் கை மெல்லத் தளர்ந்தது.

"தெரியும் மாமா. எனக்கும் போன் பண்ணாரு. வாய்வுதான், அலைஞ்சிக்கினு வராதேன்னாரு. நானும் சரின்னு வெச்சிட்டேன்."

"சொல்லவே இல்லியேணா" என்றான் சின்னவன். அப்புறம் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுததை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உன்மேல் அவ்வளவு கோபம். அன்று பஸ்ஸில் நீ நெஞ்சைத் தடவியபோது நானும் கேட்டேனே! மத்தியானம் தின்ற பஜ்ஜி என்று சிரித்தாய். ஊர்ச் சண்டைகளிலெல்லாம் தப்பாகச் சொல்லிச் சொல்லி எங்களைத் திருத்த வைத்தவன் நீ. உன் நெஞ்சுவலியை நீ தப்பாகச் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் திருத்தத் தோன்றவில்லையே மச்சான்.

இனி நம் வீட்டில் யாராவது வாய்வு என்று சொன்னால் இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போவேன். இது சத்தியம். அதற்காகச் சண்டை போட வேண்டியிருந்தால், போடுவேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
மாதேஷ்