கச்சான் பாவாடையும் ஒரு ஈயக்குண்டும்

1967 யூலை 3, திங்கள்

விடியவே கச்சான் காற்று. கொடியில் துணி நிற்கவில்லை, இரண்டு தரம் வேலியில் பொறுக்கினேன்.

பின் அறையில் இருந்தவர்கள்: நான், பக்கத்து வீட்டுப் பிலோமினா, கிண்ணியா ஹாஜரா ராத்தா, அவவின் மகள் றகுமத். ஆம்பிளையள் ஒருவரும் இல்லை. கதவு பூட்டி, யன்னலுக்குப் பழஞ்சீலை கட்டியது.

பிலோமினா நான் புதுசாகத் தைத்த உள்பாவாடையைப் போட்டு நடந்து காட்டினாள். பெயர் கச்சான் பாவாடை. கீழ்க்கரை மடிப்புக்குள் வீச்சுவலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக்குண்டுகள் வைத்துத் தைத்தது. எந்தக் காற்றுக்கும் எழும்பாது. கடற்கரை வழியாகப் பூசைக்குப் போகிற பொம்பிளையளுக்குத்தான் இதின் அருமை தெரியும்.

பிலோ.: "லூர்தக்கா, இனி ஆராவது என்னை வலையெண்டு நினைச்சுக் கடலுக்கு வீசப்போறான்."

ராத்தா: "வீசினா மீன் படுமா?"

"திருக்கை படும். என்ர மாமியைப்போல."

சிரித்துச் சிரித்து றகுமத்துக்கு விக்கல். பிறகு ஊரில் வேறொரு கலியாணப் பொம்பிளைக்குத் தைத்ததைக் காட்டினேன். பார்வைக்கு, சட்டைக்குள் போடுகிற வெறும் வெள்ளைப் பொடிஸ். உட்பக்கம் முழுக்கச் சிவப்பு நூலில் சின்னச் சின்ன நண்டு. "இது ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா ராத்தா. "தெரியவேண்டியவருக்குத் தெரியும்" என்றாள் பிலோ. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகுதான் ராத்தா வந்த காரியம். கொழும்பு ஆசுப்பத்திரியில் அவவின் இடப்பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். போன வருசம். கைலேஞ்சியை மடித்து உள்ளே அடைத்துக்கொண்டு திரிகிறா. அது ஏறி ஏறிக் கழுத்துக்கு வந்துவிடுகிறது.

"மகள்ட கலியாணத்துக்குச் சபையில நிக்கவேணும் புள்ள. லேஞ்சியைப் பிடிச்சுக்கொண்டா நிக்கிற?"

இலவம் பஞ்சு வைத்துப் பார்த்தோம். வடிவு சரி. பாரம் காணாது. ராத்தா ஒரு பக்கம் சரிந்து நடக்கிறா.

பிலோ.: "அதுக்குள்ளயும் குண்டைப் போடுங்கோவன்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். அதுதான் சரி.

யூலை 4, செவ்வாய்

ராத்தாவின் பொடிசுக்கு: வெள்ளைப் பொப்ளின், ஹூக், எலாஸ்ரிக், பஞ்சு, குண்டு. பை தனியாகக் கழற்றித் தோய்க்கக்கூடியதாக.

குண்டுக் கணக்கில் ஒன்று பிழை. வாங்கினது முப்பது. தைத்தது, டப்பாவில் கிடப்பது எல்லாம் சேர்த்து இருபத்தொன்பது. பாய்க்குக் கீழும் பார்த்தேன். அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன், ஒரு மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தாறவர்.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சுப் பையை ஒரு கையிலும் என்னுடையதை மற்றக் கையிலும் வைத்துப் பாரம் பார்த்தேன். வேறு ஆரிட்டைக் கேட்கிறது? அப்போது சட்டைக்கு மேலால் விரலில் பட்டது. குண்டு! பொடிசுக்குள் விழுந்து கிடக்குது கள்ளக் குண்டு எண்டு சந்தோசம். எடுக்க முதல் என்ர மனுசன் வந்துவிட்டார். துறைமுக இழுவைப் படகில் இன்று அரைநாள்தான் வேலையாம். சோறு போட்டேன்.

பின்னேரம் கிணற்றடியில் பொடிசைக் கழற்றி உதறினேன். ஒன்றும் விழவில்லை. மறுபுறம் புரட்டி உதறினேன்.

பிறகு கையை வைத்தேன். அங்கேதான் இருக்குது.

யூலை 5, புதன்

மீன்: சூடை. தேங்காய் முடிந்தது.

பயம். என்ன எழுதுகிறது.

கழற்றேக்க குண்டு கிணற்றுக்குள் விழுந்திருக்கும், விரலுக்குப் படுவது வெறும் நரம்பு எண்டு மனதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு குண்டு கணக்கில் குறையுதுதானே. குறையும் மட்டும் எனக்கு ஒரு ஞாயம் இருக்குது. அந்தோனியாரே, அதைத் தேடவேண்டாம். மெழுகுதிரி எப்படியும் கொளுத்துவேன்.

யூலை 7, வெள்ளி

மெசினைத் தள்ளிவிட்டுக் கூட்டினேன். கால்மிதிக்குக் கீழே, நூல் குப்பைக்குள், குண்டு.

முப்பது. கணக்குச் சரி.

நிலத்தில் இருந்துவிட்டேன். தேடித் தந்தீர் சுவாமி. வேண்டாமெண்டு சொன்னதையும் தந்தீர்.

பிலோ. வேலிக்கு மேலால்: "என்னக்கா, பேய் பிடிச்சமாதிரி முகம்?"

"தலையிடி."

"கண்ணுக்குள்ள நூலைக் கோத்துக்கொண்டிருந்தா தலை இடியாம என்ன செய்யும்?"

சமைக்க மறந்துபோனேன். அவர் பாணும் சம்பலும் சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

யூலை 8, சனி

இது தண்டனையோ? சிவப்பு நண்டுக்காகவோ? தேவமாதாவும் உள்ளுடுப்பு உடுத்திருப்பாதானே. கோபிக்கமாட்டா எண்டு நினைக்கிறேன். நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்கும் பயம்.

செபமாலை சொல்லேக்க கை தானாக அந்த இடத்துக்குப் போகுது. மணியும் அதே அளவு. பாதியில் நிப்பாட்டினேன்.

யூலை 9, ஞாயிறு

பூசை. காற்றுக்குப் பாவாடை எழும்பவே இல்லை. முன்னால் போன பள்ளிக்கூட ரீச்சரின் சீலை குடைபோல விரிந்தது. பிலோ. என் இடுப்பில் கிள்ளினாள். சிரிக்க ஏலவில்லை.

பின்னேரம் ராத்தா தனிய வந்தா; பாதை எண்டு சொல்கிற மிதவையில் துறை கடந்து, பஸ் ஏறி. பொடிஸ் போட்டுப் பார்க்க. குண்டைப் பஞ்சுக்கு நடுவில் வைக்காமல் அடிப்பக்கம் பரவித் தைத்திருந்தேன். ராத்தா அறையின் அந்த மூலைக்கு நடந்தா, திரும்பினா. நேராக. கையை உயர்த்தினா. ஏறவில்லை. குனிந்தா. விழவில்லை.

"அல்லாவே! சொந்தத்தைவிட இது சொல்வழி கேக்குது."

கண்ணாடிக்கு முன்னால் நின்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டா. கண் கலங்கினா. எனக்கும் கலங்கியது. ஆனால் என்னுடைய கண்ணீர் வேறு, அது அவவுக்கு விளங்கிவிட்டது.

"என்ன புள்ள?"

"ராத்தா, உங்களுக்குத் தொடக்கத்தில எப்பிடி இருந்தது?"

ராத்தா எழும்பிப் போய்த் தாழ்ப்பாள் சரியாக இருக்குதோ எண்டு பார்த்துவிட்டு வந்தா.

"காட்டு."

காட்டினேன். என்னைப் பெற்றவவுக்குப் பிறகு ஒருவருக்கும் காட்டாதது. அவவின் விரல் குளிர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தா.

"நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியா. எல்லாக் கட்டியும் அதில்லையாம், அங்க சொன்னாங்க. டொக்டர்தான் பாக்கணும். நான் ஒரு பெருநாள் முடியட்டும், மத்தப் பெருநாள் முடியட்டும் எண்டு ஒளிச்சு வெச்சிருந்தன். வெக்கம். அந்த வெக்கத்தைத்தான் வெட்டி எடுத்தாங்க எண்டு வெச்சுக்க. நீ ஒளிக்காத."

"அவருக்கு எப்பிடிச் சொல்றது?"

"வாயால."

"ஏலாது ராத்தா. இந்த வேலையையே அவர் 'உன்ர வெள்ளைத்துணி' எண்டுதான் சொல்றவர். பேர் சொல்லமாட்டார்."

"அப்ப ஏலுற மாதிரிச் சொல்லு. வியாழக்கிழமை இங்க ஆசுப்பத்திரியில லேடி டொக்டர் இருப்பா. மொத பாதையில வாறன். அங்க நிண்டு புருசன் எங்க எண்டு கேப்பாங்க, கையெழுத்துக்கு. அவரையும் கூட்டி வா."

தையற்கூலி தர வந்தா. வாங்கவில்லை. திட்டினா. கதிரையில் வைத்துவிட்டுப் போனா.

யூலை 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அவர் வேலையால் வந்து, கால் கழுவி, குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் அந்தக் குண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன இது? வலைக்குண்டு."

சாம்பல்தீவில் வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவார்.

"இவ்வளவு பெரிசு ஒண்டு. எனக்குள்ள." தொட்டுக் காட்ட வெட்கம், நாடியைத் தாழ்த்திக் காட்டினேன்.

அவர் குண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தெரியாமல் நிலத்தில் வைத்தார். எழும்பி வெளியே போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார். சாப்பிடவில்லை. "கதவு பூட்டினதோ?" என்று மட்டும் கேட்டார்.

கோபமோ? அருவருப்போ? எனக்குக் கட்டியைவிட அவர் பேசாமல் இருக்கிறதுதான் கூடப் பயம்.

யூலை 11, செவ்வாய்

காற்று குறையவில்லை. அவர் விடிய எழும்பிப் போய்விட்டார். குண்டு அலுமாரித் தட்டில் இல்லை, டப்பாவில் இல்லை, குப்பையிலும் இல்லை.

பிலோ. வந்தாள். அவளின் மனுசனும் அதே படகில்தான் வேலை; காலமை வீட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார்.

"உங்கட ஐயாவுக்கு என்னக்கா? இண்டைக்குக் காலமை வடத்தையும் பிடிக்காம, ஒரு வலைக்குண்டை உள்ளங்கையில வைச்சு உருட்டிக்கொண்டே நிண்டாராம். ஆரோ தா பாப்பம் எண்டு கேட்டதுக்குக் கையை இறுக்கிப் பொத்திப்போட்டாராம். சின்னப்பிள்ளை மாதிரி."

அவருக்கும் பயம். அவ்வளவுதான். கோபம் இல்லை.

பிலோமினாவுக்கும் சொன்னேன். முதல் தரமாக அவளிடம் பகிடி ஒன்றும் வரவில்லை. "நான் சோறு காய்ச்சுறன், நீங்கள் இருங்கோ" என்றாள்.

படகுக்கு அவருக்கு அனுப்புகிற மத்தியானச் சாப்பாட்டுக் கரியர்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன். மேல்தட்டில் ஒரு துண்டுக் கடதாசி, எண்ணெய் படாமல் வாழையிலையில் சுற்றி. எழுதினது இது:

இஞ்சாருங்கோ, வியாழன் காலமை லேடி டொக்டரிட்டைப் போறன். ஹாஜரா ராத்தா வருவா. நீங்கள் பக்கத்தில நிண்டா எனக்குப் பயம் குறையும். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. குண்டை நீங்களே வைச்சிருங்கோ. வாறீங்களோ இல்லையோ எண்டு கரியர் திரும்பி வரேக்க ஒரு சொல் எழுதி வையுங்கோ. கெதியா.