ஒருமுறை மிதித்தால்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கம்பெனியில் மேரி அக்கா தகடு வெட்டும் பிரஸ் மிஷின், பெடலை ஒருமுறை மிதித்தால் சில சமயம் இரண்டு முறை இறங்குகிறதாம். போன வாரம் டீ நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அது கவிதையாகிவிட்டது. "கேட்காமலே இன்னொரு முறை குனிகிறது இரும்பு" என்று எழுதி நேற்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

இன்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். "கவிதை நல்லா இருக்குதும்மா. நம்ம மிஷினப் பாத்தா எழுதின?"

பயந்துபோய், "இல்ல சார், சும்மா கற்பனைதான்" என்றேன்.

"அப்ப மிஷின் நல்லாத்தான் இருக்குது. மேரி லீவு. நாளைக்கு நீ அதுல நில்லு."

மூக்கண்டப்பள்ளியில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "ஆஸ்பத்திரில இருக்குதும்மா. கையி..." என்றார்.

விடிந்தால் காலை ஷிஃப்ட்.