நீ ஒட்டிவிட்டுப் போன இஞ்சின்

என் அருமை மாப்பிள்ளை முனிரத்தினத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஒரு வேலையைச் செய்து, அதை யாரும் சரிபார்க்க முடியாதபடி மூடி வைத்துவிட்டு நிம்மதியாகப் போவது உனக்குப் புதிதா? அவதிப்பட்டவன் நான்.

உன் முதல் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் கஸ்தூரி போன் செய்தாள். என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டவளல்ல. கேட்க வேண்டியதையெல்லாம் உன்னிடமே கேட்டுக்கொண்டாள். "ணா, திதி அன்னிக்கு அவரு படத்துக்கு முன்னால அந்த இஞ்சின் ஓடணும். வந்து பாக்கிறியா?" என்றாள். படையலை அவள் பார்த்துக்கொள்வாளாம். இஞ்சின் மட்டும் என் பொறுப்பாம்.

எந்த இஞ்சின் என்று இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். ஒரு சாண் நீளமுள்ள மாதிரி ரயில் இஞ்சின். ரேணிகுண்டா பக்கம் ஓடிய பழைய டீசல் இஞ்சினை அப்படியே சுருக்கியது. அது கடையில் கிடைக்கவில்லை. அதனால் நாம் இருவரும் ஆளுக்கொரு அமெரிக்க மாதிரி இஞ்சினை வரவழைத்து, இரண்டையும் அறுத்து, வேண்டிய பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினோம். பல் டாக்டரான நீ, பல்செட் செய்கிற அக்ரிலிக்கில் டிரைவர் கேபினைச் செதுக்கினாய். பெயின்ட் அடிக்கும் வரை அது ஈறு நிறத்தில் இருந்தது. பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். மோட்டார், அச்சு, சக்கரம், கியர் எல்லாம் என் வேலை.

வந்தவர்களிடம் நீ சொன்னது என்ன? "நான் செஞ்ச இஞ்சின். மச்சானும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணாரு." கொஞ்சம்! ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்குக் கொஞ்சம். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனைத் துறைத் தலைவராக்கினார்களே, அன்றுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

வேலை முடிந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? புது வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்றாய். ஹெட்லைட் மேல் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தாய். சக்கரத்தைவிடப் பழம் பெரிது. சும்மா இருந்தாயா? உள்ளே போய்த் திராட்சை கொண்டுவந்தாய். சக்கரம் ஏறியது, திராட்சை நசுங்கியது, நீ கை தட்டினாய், சாறு முழுக்கக் கியருக்குள் போனது. மறுநாள் காலையில் இஞ்சினுக்குள் எறும்பு. மாதிரி ரயில் வைத்திருக்கும் எவனாவது தன் இஞ்சினிலிருந்து எறும்பு விரட்டியிருப்பானா?

அதனால்தான் திறந்தேன். ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். சர்க்கரைப் பிசுக்கு ஒரே தடவையில் போகுமா? அடுத்த வாரமும் திறந்தேன், அதற்கடுத்த வாரமும் திறந்தேன். நீயோ நான் வாங்கிக் கொடுத்த எண்ணெயைத் தொடாமல் வீட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டுக்கொண்டிருந்தாய். மார்கழிக் குளிரில் அது உறைந்து சக்கரம் நின்றது. "ஓடுற இஞ்சினை நீ ஏன் மச்சான் தொறக்கிற? அதான் நிக்குது" என்றாய். நான் கத்தினேன். நீயும் கத்தினாய். சாப்பிடாமல் சித்தூர் திரும்பினேன்.

அடுத்த முறை வந்தபோது இஞ்சினின் மேல்கூடு அடிச்சட்டத்தோடு ஒட்டியிருந்தது. பல்லுக்குத் தொப்பி மாட்டுகிறீர்களே, கிரௌன், அதை ஒட்டும் சிமென்ட். "இனி ஜென்மத்துக்கும் கழலாது" என்று சிரித்தாய். அதன்பிறகு நான் அதைத் தொடவில்லை. தொடச் சொல்லி நீயும் கேட்கவில்லை.

இப்போது கேட்டது உன் மனைவி. உன் திருச்சானூர் வீட்டில் தண்டவாளத்தைப் போட்டு மின்சாரம் கொடுத்தேன். ஹெட்லைட் எரிந்தது, மோட்டார் முனகியது, சக்கரம் அசையவில்லை.

"வெயில்ல வெச்சா ஓடும்ணா. அவரு அப்படித்தான் பண்ணுவாரு" என்றாள் கஸ்தூரி. மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் ரயில் இஞ்சினைக் காயப் போட்டேன், மாப்பிள்ளை. பொறியியல் பட்டம் வாங்கியவன். ஒரு முழம் ஓடி நின்றுவிட்டது.

"மூடிதான் ஒட்டிக்கினு இருக்குதே, எண்ண எப்படி வுட்டாரு?" என்றேன்.

"ஊசியிலதான்."

கூரை இடுக்கு வழியாக, ஈறு மரத்துப்போகப் போடுகிற ஊசியில் தேங்காய் எண்ணெய் ஏற்றியிருக்கிறாய். இத்தனை வருஷமும் ஊசி போட்டே ஓட்டியிருக்கிறாய். உன்னை என்ன சொல்வது?

"உடைச்சாதான் ஆகும்" என்றேன்.

"உடைக்கிறதா? அவரு கையால ஒட்டினது."

"ஒட்டினதாலதான் நின்னுகினு இருக்குது."

"ஏன் ஒட்டினாரு, தெரியுமா? நீ வாரா வாரம் வந்து அத்தப் பிரிச்சு வெச்சிக்கினு குந்திக்குவ. ஸ்குரூ ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். கிளினிக்கு மூடிட்டு வந்து ஒரு ரவுண்டு ஓட்டலாம்னு பாப்பாரு மனுஷன். வண்டி பேப்பர் மேல கழண்டு கெடக்கும். ஓட வுட்டியா நீ? அதான் ஒட்டிட்டாரு."

இதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா என்பாய். அது வேறு விஷயம். எண்ணெய் மாற்றாத இஞ்சின் நின்றுபோகும் என்று நான் சொன்னேன், நின்றது. இதில் யார் சொன்னது சரி?

கடைசியில் வழி சொன்னது உன் மகள் ஹேமா. உன் கிளினிக்கை இப்போது அவள்தான் பார்க்கிறாள். "சிமென்ட் போட்ட கிரௌனை நாங்க உடைக்க மாட்டோம் மாமா. ஒரு கோடு கீறித் தொறப்போம். திருப்பதிக்கு எடுத்துக்கினு வாங்க" என்றாள். கஸ்தூரி இஞ்சினை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு சம்மதித்தாள். "ஹேமா கீறட்டும். நீ கீறக் கூடாது." மெஷின் டிசைன் பாடம் நடத்துகிறவனிடம் இப்படிச் சொல்கிறாள் உன் மனைவி.

உன் நாற்காலியில் இஞ்சினைத் தலைமாட்டில் படுக்க வைத்து, நான் பிடித்துக்கொண்டேன். மேலே உன் விளக்கு. முறை வந்தும் காத்திருந்த ஒரு பெரியவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏமி சார், இஞ்சினுக்குக் கூட பன்னு நொப்பியா?"

"ஆமா, பல்வலிதான். ரொம்ப நாள் சொத்தை" என்றேன். அவர் தன் வலியை மறந்து சிரித்தார். முதலில் இதைப் பாருங்கள், எனக்கு அவசரமில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். உன் நோயாளிகள் உன்னைப் போலவேதான் இருக்கிறார்கள்.

"ஆடாதீங்க மாமா. கேபினு போயிடும்."

"நான் ஆடல. உன் டிரில்லுதான் ஆடுது."

"பேசாதீங்க மாமா. பேசினா கை ஆடுது."

இடது பக்கம் அழகாகக் கீறினாள். கீறல் இஞ்சின் கதவுகளின் கோட்டோடு கோடாகப் போய்விட்டது. வலது பக்கம் முடியும்போது கேபினின் மூலை பட்டென்று தெறித்தது. நீலப் பெயின்டுக்கு அடியில் உன் ஈறு நிறம் தெரிந்தது. ஹேமா டிரில்லை நிறுத்திவிட்டாள். "நைனா செதுக்கினது மாமா" என்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல், "நிறுத்தாத, இன்னும் விரல் அளவுதான் பாக்கி" என்றேன். இஞ்சினை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே நீ செய்து வைத்திருந்ததை இங்கே எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எண்ணெய் மஞ்சள் மெழுகாகிக் கிடந்தது. ஒரு கியர் அச்சிலேயே விரிசல் விட்டிருந்தது. அறுத்து மிச்சமான பாகங்களைச் சித்தூரில் நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு கியரை எடுத்து மாட்டினேன். எல்லாவற்றையும் கழுவி, கிரீஸ் பூசி, மோட்டாரைத் தலைமுடி அளவுக்கு நகர்த்திப் பல்லோடு பல் சரியாகப் பதியவைத்தேன். கேபின் மூலையை ஹேமா அதே அக்ரிலிக்கில் செய்து கொடுத்தாள். சிமென்ட் போட விடவில்லை. இரண்டே இரண்டு சின்ன ஸ்குரூ.

திதி அன்று படையல் போட்டு, உன் படத்துக்கு முன்னால் வட்டமாகத் தண்டவாளம் விரித்தோம். இஞ்சின் ஓடியது. எப்படி ஓடியது தெரியுமா? வெண்ணெயில் வழுக்கிப் போவதுபோல. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. இப்படி ஓட வேண்டும் என்றுதான் அத்தனை ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சண்டை போட்டேன். கஸ்தூரி முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

"ஓடுதுணா. நல்லாத்தான் ஓடுது" என்றாள். "ஆனா சத்தமே இல்லியே."

"சத்தம் வரக் கூடாது. வந்தா கியர் தேயுதுன்னு அர்த்தம்."

"அவரு ஓட்டச்சொல்ல கர்ர்ருனு கேக்கும். நான் சமையக்கட்டுல இருப்பேன். வெளிய செருப்பு கழட்டுற சத்தம்கூடக் கேக்காது. இது கர்ர்ருன்னா, சரி, மனுஷன் வந்துட்டாருன்னு காபி கலப்பேன். இது ஓடச்சொல்ல யாரும் வந்த மாதிரியே இல்லணா."

சொல்லிவிட்டு இலை எடுக்கப் போய்விட்டாள். இஞ்சின் என் எதிரில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாதது ஒரு குறையா, மாப்பிள்ளை? நீயாவது சொல். அந்தக் கர்ர்ர் ஒரு கோளாறு. காய்ந்த கியர், சரியாகப் பதியாத பல், உன் சோம்பேறித்தனம், மூன்றும் சேர்ந்து போட்ட சத்தம். அதை ஒழிக்கத்தான் நான் பாடுபட்டேன். ஒழித்தும்விட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சானூர் போகிறேன். அந்த இரண்டு ஸ்குரூவையும் கழற்றி, நான் பூசிய கிரீஸைத் துடைத்து எடுத்து, மோட்டாரைப் பழையபடி விலக்கி வைப்பேன். கஸ்தூரி சமையல்கட்டிலிருந்து போதும் என்று சொல்லும் வரை தளர்த்துவேன். எந்தப் பாடப் புத்தகமும் ஒப்புக்கொள்ளாத வேலை அது. அப்படி ஓடினால் கியர் சீக்கிரம் தேயும். தேயட்டும். தேயத் தேய வந்து வேறு கியர் மாட்டி, அதையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போவேன். அவள் இருக்கும் வரை, எனக்குக் கை ஓடும் வரை, இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. பேப்பர் மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார மாட்டேன். அவள் காபி கலப்பதற்குள் மூடிவிடுவேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன் மச்சான் தாமோதரம்
சித்தூர்