மஹ்பூபா வீட்டு ஆண்டெனா மீண்டும் நிற்க வேண்டி

அனுப்புநர்
ச. திருமூர்த்தி,
கூட்டுறவு நூற்பாலை அலுவலகக் கண்காணிப்பாளர் (பணி நிறைவு), உடுமலைப்பேட்டை,
தற்போது: மகன் முகிலன் இல்லம்,
லார்க்மெடோ குடியிருப்பு, கேட்டி, டெக்சாஸ்.

பெறுநர்
திரு. சுந்தரராமன் அவர்கள்,
தலைவர், லார்க்மெடோ குடியிருப்பு உரிமையாளர் சங்கம்,
கேட்டி, டெக்சாஸ்.

பொருள்: பக்கத்து வீட்டு ஆண்டெனா மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அதை அகற்றச் சொன்ன அறிவிப்பை ரத்து செய்யக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 22.12.2024.
2. சங்கத்தின் அறிவிப்பு, நாள் 3.1.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவன் நானே. ஆங்கிலத்தில் எழுத எனக்கு வராது என்பதால் தமிழில் எழுதினேன். அதைத் தாங்களே மொழிபெயர்த்துச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினீர்கள். பன்னிரண்டே நாளில் நடவடிக்கையும் எடுத்தீர்கள். ஒரு வயதானவனின் குறையை அவ்வளவு விரைவாகக் கவனித்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்த மனுவில் நான் சொன்ன காரணம் தவறு. முப்பத்தோராண்டு அலுவலகத்தில் மனுக்களைப் படித்தும் எழுதியும் பழகியவன் என்பதால் அதைப் பிறர் நம்பும்படி எழுதியிருந்தேன். அதனால்தான் இவ்வளவு கேடு வந்தது.

2. நடந்ததை முறையாகச் சொல்கிறேன். என் மனைவி பவளத்துக்கு இருதய நோய் உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. அதனால் அவள் கழுத்தில் ஒரு அவசர பட்டனை மகன் மாட்டிவிட்டிருந்தான். அதை அழுத்தினால் சமையலறை மேடையில் உள்ள பெட்டிக்குச் சைகை போகும். பெட்டி உடனே உதவி மையத்தை அழைக்கும். அங்கிருப்பவர் பெட்டி வழியாகவே பேசுவார். டிசம்பர் 17 காலை நான் ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தபோது அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நான் திரும்பி வரும்வரை நாற்பது நிமிடம் ஈரத் தரையிலேயே கிடந்தாள். "அமுத்திக்கிட்டே இருந்தனுங்க, ஒருத்தரும் பேசல" என்றாள். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

3. பட்டன் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். மாலை ஆறரை மணிக்கு வந்தவர் பத்து முறை அழுத்திப் பார்த்தார். பத்து முறையும் பெட்டி பேசியது. கருவியில் கோளாறு இல்லை, அக்கம்பக்கத்தில் ஏதோ ரேடியோ இடையூறு இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வழியனுப்ப வாசலுக்கு வந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பின்கட்டில் நவம்பர் கடைசி வாரத்தில் நிறுத்திய இருபதடி கம்பமும் அதன் உச்சியில் ஆண்டெனாவும் தெரிந்தன. வேறெதையும் நான் யோசிக்கவில்லை. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்கப்பா" என்று முகிலன் சொன்னான். நான் கேட்கவில்லை.

4. அந்த வீட்டில் இருப்பவர்கள் திருமதி மஹ்பூபாவும் அவர் கணவர் திரு. ஹாஜா நஜ்முதீனும் அவர்களுடைய சிறு பிள்ளையும். கீழக்கரைக்காரர்கள். மஹ்பூபா பல்கலைக்கழகம் ஒன்றில் கம்பியில்லாத் தகவல் தொடர்பில் ஆராய்ச்சி செய்பவர். மழைக்காலத்தில் நம் பகுதி ஓடைகளில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள் அனுப்புகிற சைகை, பெருமழையில் மிகவும் நலிந்து போகுமாம். எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் அது கேட்காமல் போகிறது. அந்த நலிந்த சைகையைப் பிடிக்கத் தக்க ஆண்டெனாவையும், அதோடு கலந்து வரும் வேண்டாத அலைகளைத் தடுக்கும் ஃபில்டரையும் அவர் வடிவமைத்து வருகிறார். கம்பத்தில் இருந்தது அதுதான். அது அலைகளை வாங்குமே தவிர எதையும் அனுப்பாது. இவை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதுமாக இருந்தது.

5. பார்வை இரண்டில் கண்ட அறிவிப்பு கிடைத்ததும் அவர்கள் மறுப்பு எதுவும் எழுதவில்லை. ஜனவரி 11, சனிக்கிழமை, ஹாஜா நஜ்முதீன் கம்பத்தை இறக்கினார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகாரில் இருந்த செய்தி அதற்குள் தெருவில் பரவி, அந்த ஆண்டெனாவின் கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதல் என்றாகிவிட்டது. எதிர்வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளையை அவர்கள் வீட்டுக்கு விளையாட அனுப்புவதை நிறுத்திவிட்டார். கதிர்வீச்சு என்ற சொல் என் மனுவில் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என் மனுவிலிருந்துதான் கிளம்பியது.

6. இனிச் சொல்லப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் ஞாயிறு காலை பவளத்தைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். பெட்டி பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பேசவில்லை. கம்பம் போயும் கோளாறு போகவில்லை என்றால் கம்பத்தின் மேல் குற்றமில்லை என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் பதினோரு நாள் தங்களிடமோ மகனிடமோ பக்கத்து வீட்டிலோ நான் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பவளம் காலில் செருப்பை மாட்டினாள். "ஏனுங்க, கம்பத்த எறக்கியும் இதே கததான? நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை, அவளே போனாள்.

7. ஜனவரி 25 காலை ஒன்பது மணிக்கு மஹ்பூபா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மீன்முள் போலக் கம்பிகள் நீட்டிய சிறு ஆண்டெனா. அதோடு இணைந்த கருவியின் திரையில், காற்றில் வரும் அலைகள் மேலும் கீழுமான கோடாகத் தெரிந்தன. நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அங்கிள். முதல்ல ஆன்ட்டி பட்டனைப் பார்ப்போம்" என்றார். தம் வீட்டைத்தான் முதலில் சோதித்துவிட்டு வந்ததாகவும், அங்கிருந்து இடையூறு எதுவும் கிளம்பவில்லை என்றும் சொன்னார். ஆண்டெனாவைத் திசை திசையாகத் திருப்பியபடி எங்கள் கூடத்திலும் சமையலறையிலும் நடந்தார். சமையலறைச் சுவர்ப் பக்கம் திரும்பும்போதெல்லாம் திரையில் கோடு எகிறியது. அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது கார் நிறுத்தும் எங்கள் கராஜ்.

8. கராஜில் இருந்தவை என் கறிவேப்பிலைச் செடிகள். தங்களுக்கும் தெரிந்திருக்கும், இங்கே குளிர்காலத்தில் அவற்றை வெளியே விட்டால் ஒரே இரவில் கருகிவிடும். வெயிலுக்குப் பதிலாக அவற்றின் மேல் ஒரு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கைத் தொங்கவிட்டிருந்தேன். நவம்பர் கடைசியில் ஆன்லைனில் நானே தேடி வாங்கியது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை தானாக எரியும்படி வைத்திருந்தேன். "அங்கிள், அந்த லைட்ட ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க" என்றார் மஹ்பூபா. அணைத்தேன். திரையில் கோடு சட்டென்று படுத்துவிட்டது. பவளம் பட்டனை அழுத்தினாள். பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் என்ன உதவி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டது. பவளம் அழுதாள். மஹ்பூபாதான், சோதனைக்காக அழுத்தினோம், எல்லோரும் நலம் என்று அந்தக் குரலுக்குச் சொன்னார்.

9. விளக்குக்கு மின்சாரம் தரும் மட்டமான அடாப்டர்தான் காரணம் என்று விளக்கினார். அது தாறுமாறாக ரேடியோ இரைச்சலைக் கிளப்ப, பட்டனின் மெல்லிய சைகை அந்த இரைச்சலில் பெட்டிக்குக் கேட்கவில்லையாம். நிறுவனத்து ஆள் ஆறரை மணிக்கு வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்று, எத்தனை மணிக்கு விளக்கு எரியும் என்று இன்னொரு முறை கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியதைக் கண்டு என்னவென்று வற்புறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார்: "கம்பம் வெச்ச வாரத்துலேர்ந்து என் டேட்டாவுல எட்டு மணிக்கு ஒரு நாய்ஸ் ஆரம்பிச்சு ஆறு மணிக்கு நிக்கும் அங்கிள். என் ஃபில்டர்தான் தப்புன்னு நெனச்சு நாலு தடவ மாத்தி டிசைன் பண்ணிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

10. அதாவது ஐயா, அவர் ஆண்டெனா எங்கள் வீட்டுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. எங்கள் வீடுதான் அவருடைய ஆராய்ச்சியை ஏழு வாரம் கெடுத்துக்கொண்டிருந்தது. புகார் கொடுக்க வேண்டியவர் அவர், கொடுத்தவன் நான். அன்று மாலையே அவர் தம்மிடமிருந்த வேறொரு விளக்கைக் கொண்டுவந்து, தம் கருவியில் சோதித்துக் காட்டி, செடிகளுக்கு மேல் மாட்டிவிட்டுப் போனார்.

11. ஜனவரி 25-க்கும் இன்றைக்கும் இடையே இருபத்து மூன்று நாள் ஆகின்றன. இந்த மனுவை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். ஒரு நாள் தங்களிடம் நேரில் வாய்மொழியாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றும் நினைத்தேன். எழுத்தில் கொடுத்த குற்றச்சாட்டை வாய்மொழியில் திரும்பப் பெறுவது முறையல்ல என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிப்ரவரி 10-க்குப் பிறகு அந்த எண்ணமும் போய்விட்டது.

12. அன்று திங்கட்கிழமை. நான் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போயிருந்தேன். பவளத்துக்குப் பாத்திரம் கழுவும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. பட்டனை அழுத்தினாள். பெட்டி பேசியது. எட்டே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நான் வீடு திரும்பும்போது அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த மஹ்பூபா என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸின் பின்னாலேயே வந்தார். முகிலன் வந்து சேரும்வரை டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்னார். இருதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அதையும் மஹ்பூபாவேதான், கொஞ்சம் தயங்கி, எனக்கு மொழிபெயர்த்தார். பவளம் பட்டனை அழுத்தியது காலை ஒன்பதே முக்காலுக்கு. பழைய விளக்கு இருந்திருந்தால் எரிந்துகொண்டிருக்கும் நேரம்.

13. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் அவரிடம் கை கூப்பினேன். "என்ன அங்கிள் இது, கைய இறக்குங்க. பட்டன் வேலை செஞ்சுச்சுல்ல, அது போதும்" என்றார். கம்பத்தைப் பற்றிக் கேட்டேன். மார்ச் மழைக்குள் அது நிற்காவிட்டால் இந்த ஆண்டு அளவீடு கிடைக்காது, இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றார். நான் கேட்டிருக்காவிட்டால் அதையும் சொல்லியிருக்க மாட்டார். 2017 வெள்ளத்தில் நம் தெருவில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது இங்கே நெடுநாளாக இருக்கும் தங்களுக்குத் தெரியும். அவர் செய்வது நம் எல்லோருக்குமான வேலை.

14. ஆகவே, எனது 22.12.2024 நாளிட்ட புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். 3.1.2025 நாளிட்ட அறிவிப்பை ரத்து செய்து, அது அவர்கள் வீட்டுக் கோப்பில் ஒரு குறையாக இராதபடி நீக்கிவிடவும், மார்ச் முதல் வாரக் கூட்டத்திலேயே கம்பத்தை மீண்டும் நிறுத்த எழுத்துப்பூர்வமாக அனுமதி வழங்கவும் வேண்டுகிறேன். முதல் மனுவை மொழிபெயர்த்துப் படித்ததுபோல் இதையும், என் பெயரை மறைக்காமல், முழுவதுமாகப் படித்துக் காட்ட வேண்டும். கூட்டத்தில் நானும் இருப்பேன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். அவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அறிவிப்பு அனுப்பியது என் மனுவை நம்பியதால்தான் என்பதை அறிவேன். அந்த நம்பிக்கையை இம்மனுவின் மீதும் வைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 17.2.2025
இடம்: கேட்டி

இரண்டு மனுக்களுக்கும் பொறுப்பானவன்,
ச. திருமூர்த்தி (ஒப்பம்)

மேலே எழுதியிருக்கிறது அத்தனையும் நெசம். வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன், கை இன்னும் நடுங்குது, எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. தம்பி, அந்தப் புள்ளைக்கு மழைக்கு முன்னால பண்ணிக் குடுங்க.
தி. பவளம் (ஒப்பம்)