ஒரு பலகை உயரம்

டெச்சிமான்,
பிப்ரவரி 11

அன்பு மகள் டுஃபிக்கு, அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் உன் தம்பியும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அடிஸ் அபாபாவில் குளிர் குறைந்ததா, காலையில் சூடாக ஏதாவது சாப்பிடுகிறாயா, இல்லை வெறும் காப்பியைக் குடித்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறாயா? நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. வேலை அதிகம் என்று சொல்லாதே, ஆப்பிரிக்கக் கண்டத்தையே ஒன்று சேர்க்கிற அலுவலகத்தில் இருக்கிறவளுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்ச நேரம் இருக்காதா.

நீ அனுப்பிய ஆள் வந்தார். உன் அலுவலகத்து ஆள் என்று அவரே மூன்று தடவை சொன்னார், அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான ஆள் ஒரு தடவைதான் சொல்லுவான். சட்டை முழுக்க ஆப்பிரிக்கா படம், ஆனால் சந்தைக்குள் வந்த பிறகும் காரின் கண்ணாடியை இறக்கவில்லை, எங்கள் சந்தைக் காற்று பட்டால் கரைந்துவிடுவார் போல. கடைசியில் இறங்கி, என் கடை முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசினார். நாமெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம், எல்லைக்கோடு வெள்ளைக்காரன் கிழித்ததாம், இனி ஒரே தட்டில் சாப்பிட வேண்டியவர்களாம். சரி என்று குழம்போடு கிழங்குக் களி ஃபுஃபு வரவழைத்து, கை கழுவத் தண்ணீரும் வைத்து, வாங்க ஒரே சட்டியில் உட்காரலாம் என்றேன். வயிறு சரியில்லை என்று பையிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டார். எதிர்க்கடை போகுவா, "கண்டம் ஒண்ணாயிடுச்சு, வயிறுதான் தனியா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம்தான் நீ எழுதிய காகிதத்தை நீட்டினார். கானாவிலும் புர்கினாவிலும் தக்காளிக்கு இனி ஒரே அளவு பிளாஸ்டிக் பெட்டி, பாதி புர்கினா விவசாயிகள் சங்கத்துக்குச் சொந்தம், பாதி இங்கே கானாவில் வியாபாரப் பெண்கள் சங்கத்துக்கு, முதல் கையெழுத்து டெச்சிமான் சந்தைத் தக்காளிக்காரிகளுக்கெல்லாம் தலைவி, தக்காளி ராணியான நான் போட வேண்டும். ஏன் நான் முதலில்? அந்தப் பெட்டியைச் செய்யப்போவது யார், அந்த ஆளின் மச்சானா? உள்ளே போய்க் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போடாமல், வழக்கம்போல் எங்கள் காலி மரப்பெட்டிகளை லாரியில் அடுக்கிக்கொண்டு, டிரைவர் இத்ரிசுவோடும் நம் சந்தைப் பெண்கள் எட்டுப் பேரோடும் நானே எல்லை தாண்டிப் புர்கினாவின் கோங்கூசிக்குக் கிளம்பினேன். எல்லையில் அரை நாள் போயிற்று. பதினோரு வருஷமாக நமக்குத் தக்காளி தருகிற நோவாகா அங்கேதான் இருக்கிறார். அவர்கள் சங்கம்தான் இந்தத் திட்டத்துக்கு முதலில் தலையாட்டியதாம். ஏதோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மேலே கெட்டிப் பழம், அடியில் கொழகொழ, அதுதானே வழக்கம் என்று நினைத்து, அவர்கள் நிரப்பி முடித்த எங்கள் பெட்டி ஒன்றைத் துணி விரித்துக் கவிழ்க்கச் சொன்னேன். தோட்டமே வேடிக்கை பார்த்தது. ஒரு பழம்கூட அழுகல் இல்லை. விடுவேனா, இன்னொன்றையும் கவிழ்த்தேன். அதிலும் இல்லை.

நோவாகா வீட்டுக்குள் போய் ஒரு குச்சியைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, வருஷத்துக்கு ஒன்று வீதம் பதினோரு வெட்டு. அதை என் பெட்டியின் ஓரமாக நிறுத்தினார், கடைசி வெட்டு பெட்டி விளிம்போடு சரியாக நின்றது. உனக்குத் தெரியாததில்லை, பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் விலை, பெட்டி நம்முடையது, விளிம்புவரை நிரப்பித் தர வேண்டியது அவர்கள். அவர் ஹவுசா மொழியில் சொன்னதை நம் மொழியில் சொல்ல மாட்டேன் என்று இத்ரிசு முழித்தான், நான்தான் அதட்டிச் சொல்ல வைத்தேன். "ராணியம்மா, தோட்டத்துல பழம் வளர்றதைப் பார்த்திருக்கேன். பெட்டி வளர்றதை உங்ககிட்டதான் பார்க்கறேன்" என்றாராம். நம் பெண்களே கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. அதே விலைக்குக் கூடுதல் பழம் பிடிக்க, வருஷத்துக்கு ஒரு பலகைத் துண்டைப் பெட்டியின் விளிம்பில் தச்சனிடம் சொல்லி வைத்து அடிப்பது நான்தான், எல்லா ராணிகளும் செய்வதுதான், அது ஏமாற்று என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. அப்படியானால் பதினோரு வருஷமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். "திறந்திருந்தா அடுத்த லாரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்குமே, தாயே" என்றார். அடுத்த பருவத்திலிருந்து மரப்பெட்டியை நிரப்புவதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

திரும்பி வந்தால் இங்கே வேறு கதை. போகுவா சந்தை நடுவில் நின்று, "ஒத்துமை ஒத்துமைன்னு சொல்லி நம்ம பெட்டியைக் குட்டையாக்கப் பாக்கறா உன் மக. நீ கையெழுத்துப் போட்டா அன்னைக்கே வேற ராணி பாத்துக்கறோம்" என்றாள். இருபது வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி அது, டுஃபி. போடாவிட்டால் தக்காளி இல்லை, போட்டால் நாற்காலி இல்லை. இப்படி ஒரு இடத்தில் பெற்ற தாயைக் கொண்டுவந்து நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது என்று இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பெட்டிமேல் உட்கார்ந்துதான் நீ பாடம் படிப்பாய். போன வருஷம் கால் தரையை எட்டியது, இந்த வருஷம் ஏன் எட்டவில்லை, நான் குட்டையாகிறேனா என்று ஒருநாள் கேட்டாய். வாயை மூடிக்கொண்டு படி என்று அதட்டினேன். அன்றைக்கே உனக்குத் தெரியும், இல்லையா? என்னை முதலில் போடச் சொன்னது நான் ராணி என்பதாலா, இல்லை நீ உட்கார்ந்து படித்த அந்தப் பெட்டியாலா? மழுப்பாமல் பதில் எழுது.

நேற்று தச்சனைக் கூப்பிட்டு என் பெட்டிகள் எல்லாவற்றிலும் கூடுதல் பலகைகளை அறுக்கச் சொல்லிவிட்டு, காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போகுவா என் பக்கம் திரும்புவதில்லை, நாற்காலிக்கு வேறு ஆள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். ஆனால் உன் அலுவலகத்தை நான் நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் பிளாஸ்டிக் பெட்டி வந்ததும் நானே அளந்து பார்ப்பேன், வருஷா வருஷம் அளப்பேன்.

நீ நன்றாக இரு, பேரும் புகழுமாக இரு, கடவுள் உன் கூடவே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த மாதம் திட்ட வேலையாகக் கோங்கூசிக்குப் போவதாக எழுதியிருந்தாயே, மறக்காமல் நோவாகா வீட்டுக்குப் போ, என்ன கொடுத்தாலும் அவர்கள் சட்டியிலேயே கைவைத்துச் சாப்பிடு. அந்தக் கூடுதல் பலகையில்தான் உனக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் ஆயிற்று. அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவர்களில் யார் படித்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, நீ கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃப்ரேமா